கொள்கை நியாயமும் கலை நியாயமும்

ஒரு நூல் கூறும் கருத்து நமக்கு உடன்பாடானது என்பதனால் அந்நூலைச் சிறந்ததெனப் பாராட்டும் கடமை நமக்கு உண்டா? அத்தகைய நூலிற் குறைகாண்பது கருத்துக்கே இழைக்கும் துரோகமாகுமா? இலக்கியத்தின் சமூகப் பயன்பாட்டை ஏற்றுக்கொள்ளும் எவரும் என்றோ ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள் இவை. கோரி டொக்டரோ எழுதிய 'லிட்டில் பிரதர்' என்னும் ஆங்கில நாவலை வாசித்து முடித்தபோது இவை என் முன் எழுந்து நின்றன.

இளைஞர்க்கென எழுதப்பட்ட இவ்விஞ்ஞானப் புனைகதை 2008 இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 2009 இல் புரோமீதியஸ் விருது இதற்குக் கிடைத்தது. ஜோர்ஜ் ஓர்வெல் 1949 இல் வெளியிட்ட '1984' நாவலின் 'பெரியண்ணன்' உருவத்தைத் தலைப்பே நினைவூட்டுகிறது. ஓர்வெலின் வழித்தோன்றல் ஒருவரைச் சந்திக்கப் போகிறோம் என்ற எதிர்பார்ப்புடனேயே நானும் நூலைக் கையிலெடுத்தேன்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் பே பாலம் குண்டுவைத்துத் தகர்க்கப்படுகிறது. மார்க்கஸ் என்னும் 17 வயது மாணவனும் அவனது நண்பர்களும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தினராற் பிடிக்கப்பட்டு, இரகசியமாகச் சிறைவைக்கப்படுகின்றனர். விடுவிக்கப்படும் மார்க்கஸ், தன் நகரமே கண்காணிப்பின்கீழ் வந்துவிட்டதைக் காண்கிறான். வீட்டு விளையாட்டுப் பொறிகளைக் கொண்டு இரகசிய வலையமைப்பொன்றை உருவாக்கி அதிகாரத்தை எதிர்க்கிறான்.

நூலின் சிறப்புகளை மறைத்தல் நேர்மையன்று. கண்காணிப்பின் கணிதத்தை அது தெளிவுற விளக்குகிறது. பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கே உள்ள நோயை 99 சதவீதம் சரியாகக் கண்டறியும் சோதனை ஒன்று உண்டெனக் கொள்வோம். பத்து இலட்சம் பேரையும் சோதித்தால், ஏறத்தாழ 10,000 பேர் நோயின்றியே நோயாளராகக் காட்டப்படுவர். பயங்கரவாதியைத் தேடும் இயந்திரத்துக்கும் இதுவே விதி. பாதுகாப்பின் பெயரால் நிரபராதிகள் எவ்வாறு சந்தேகத்துக்குரியோராகின்றனர் என்பதை இதனிலும் எளிமையாக உணர்த்துதல் அரிது. 2013 இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்களோ ஆசிரியரின் அச்சம் வெறும் கற்பனையன்று என்பதை மெய்ப்பித்தன.

எனினும், அச்சம் மெய்யானது என்பதனால் நாவலும் மெய்யாகிவிடுமா? என் ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. கண்காணிப்பை ஆதரிப்போராக இந்நாவலில் வருவோர் யாவர்? கொடுமனம் படைத்த அதிகாரி; சகமாணவரை மிரட்டும் முரடன்; பாடநூலை ஒப்புவிக்கும் ஆசிரியை. அறிவும் நல்லெண்ணமும் உடைய ஒருவர் மறுபக்கத்தில் நிற்கக்கூடும் என்பதை நூல் ஏற்பதாயில்லை.

ஒரேயொரு விதிவிலக்கு மார்க்கஸின் தந்தை. மகனை இழந்துவிட்டதாக அஞ்சித் தவித்த அவர், மீண்டும் அந்நிலை வராதிருக்கக் கண்காணிப்பை ஆதரிக்கிறார். அவரது அச்சம் மனிதத்தன்மை வாய்ந்தது. சுதந்திரமா, பிள்ளையின் உயிரா என்ற தராசில் நிற்கும் அம்மனிதரிடத்தேதான் நாவலின் உயிர் இருந்திருக்க வேண்டும். ஆனால் மகன் சிறைவைக்கப்பட்ட உண்மை தெரிந்ததும் அவர் மனம் மாறிவிடுகிறார். அவரது வினாவோ விடையின்றியே கைவிடப்படுகிறது.

நண்பன் ஜோலுவின் நிலையும் இத்தகையதே. பிடிபட்டால் வெள்ளையனான உனக்குக் கிடைக்கும் தண்டனை வேறு, எனக்குக் கிடைக்கும் தண்டனை வேறு என்னும் பொருள்படக் கூறி அவன் ஒதுங்கிக்கொள்கிறான். வீரம் என்பதும் சிலருக்கு மட்டுமே வாய்க்கும் சலுகையோ என்ற பெருங்கேள்வி அங்கே பிறக்கிறது. கதை அதனைக் கடந்து விரைகிறது.

இளைஞர்க்கான நூலில் இத்துணைச் சிக்கல் வேண்டுமா, அவசர காலத்தில் உரத்த குரலன்றோ தேவை என்று கேட்கலாம். எதிர்வாதத்தைச் செவிமடுக்காமலே இணங்கிய வாசகன், நாளை இன்னொருவர் இதனிலும் திறமையாகப் பேசினால் அவர்பின் செல்வான். தன் கொள்கையைக் காக்கும் ஆற்றலை அவன் பெற்றிருக்கமாட்டான். ஆகவே இளைஞர்க்கே அச்சிக்கல் மிகுதியும் தேவை.

1888 இல் மார்கரெட் ஹார்க்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில், ஆசிரியரின் கருத்து மறைந்து நிற்குமளவுக்குக் கலைப்படைப்புக்கு நன்மை என்ற கருத்தை ஏங்கெல்ஸ் தெரிவித்தார். முடியாட்சியை ஆதரித்த பால்சாக்கையே அவர் அங்கு உதாரணமாகக் காட்டினார். தாம் நேசித்த பிரபுக்களின் வீழ்ச்சியையும் தாம் எதிர்த்த குடியரசுவாதிகளின் வீரத்தையும் பால்சாக் மறைக்கவில்லை. பாத்திரங்களுக்கு அவர் வழங்கிய அச்சுதந்திரத்தை, சுதந்திரத்துக்காகவே எழுதப்பட்ட இந்நாவல் தன் பாத்திரங்களுக்கு வழங்கவில்லை.

குறை ஆசிரியருடையது மட்டுமன்று. போற்றிய நம்மிற் பலர் கொள்கையை நிறுத்த தராசிலேயே கலையையும் நிறுத்துவிட்டோம். நம் பக்கத்து நூலிடம் குறைவாக எதிர்பார்ப்பது, நம் பக்கத்து நியாயத்தின்மீதே நமக்குள்ள ஐயத்தைக் காட்டும். நியாயத்தில் உறுதியான நம்பிக்கை உடையோர் அதனை உரைக்கும் படைப்பைக் கடுமையாகவே சோதிப்பர். அச்சோதனை துரோகமன்று, தோழமையின் கடமையாகும்.