விழுபவரின் பங்கு



ஐகிடோ கற்கிறேன் என்றதும் பலர் கேட்பது, "எத்தனை போட்டியில ஜெயிச்சீங்க?" என்றுதான். நான் பயிலும் ஐகிடோவில் போட்டியே கிடையாது. கோப்பை இல்லை, பதக்கம் இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை. இந்தத் தற்காப்புக் கலையை வகுத்தவர் 1883-இல் ஜப்பானில் பிறந்த மொரிஹெய் உயெஷிபா. ரஷ்ய-ஜப்பானியப் போரில் காலாட்படை வீரராக இருந்தவர், ஜுஜுட்சு என்ற தற்காப்புக் கலையில் தேர்ந்தவர். அப்படிப்பட்டவர், தம் கலைக்குப் போட்டி வேண்டாம் என்பதில் உறுதியாக நின்றார். அவருடைய மாணவர் கென்ஜி தோமிகி பிற்காலத்தில் போட்டி முறை ஒன்றை உருவாக்கினார். அது தனிக் கிளையாக வளர்ந்தது. நான் பயில்வது உயெஷிபாவின் பேரன் மொரிதேரு தலைமை ஏற்ற டோக்கியோ மையத்தின் வழி. அதில் போட்டிக்கு இடமில்லை.

இருவர் இருவராகப் பயில்வோம். ஒருவர் தாக்க வேண்டும். மற்றவர் அந்த வேகத்தையே வாங்கித் திருப்பி அவரை வீழ்த்த வேண்டும். வலப்பக்கம் இரண்டு முறை, இடப்பக்கம் இரண்டு முறை. அதோடு முறை மாறிவிடும்: வீழ்த்தியவர் இப்போது தாக்கி விழுவார். ஆக, வகுப்பில் பாதி நேரம் விழுவதில்தான் போகிறது. என்னை இந்தக் கலையில் பிடித்து வைத்திருப்பதும் அந்தப் பாதிதான்.

தாக்கி விழுபவருக்கு 'உகே' என்று பெயர். விழுவதற்கும் முறை உண்டு. முன்பக்கமாக உருளும்போது சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பு முதலில் தரையைத் தொடும். பிறகு முன்கை, தோள், முதுகின் குறுக்கே மறுபக்கத்து இடுப்பு. முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். தலை தரையில் படவே கூடாது. ஆரம்பத்தில் உடம்பு கட்டைபோல் விறைத்துக்கொள்ளும். விழுகிறோம் என்ற பயம் தோளில்தான் குடியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூச்சை விடப் பழகியதும் தோளும் இளகியது.

உகேயின் வேலை விழுவதோடு முடிவதில்லை. 'கோதேகாயேஷி' என்றொரு பிடி. மணிக்கட்டை மடக்கி வெளிப்பக்கமாகத் திருப்புவார்கள். வலி தாங்கும் எல்லையைத் தொட்டதும் விரிப்பில் இரண்டு தட்டு தட்டினால் போதும், பிடித்தவர் உடனே விட்டுவிட வேண்டும். எங்கள் கூடத்தில் ஒரு கணம் தாமதித்தாலும் ஆசிரியர் பயிற்சியை நிறுத்திவிடுவார். ஊர், வேலை எதுவும் தெரியாத ஒருவரிடம், முறித்துவிடக்கூடிய நிலையில் நம் கையைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம். அவரும் சற்று நேரத்தில் தம் கையை நம்மிடம் கொடுக்கப்போகிறார். இதைவிடப் பெரிய நம்பிக்கையை அந்நியர்களிடையே நான் அதிகம் பார்த்ததில்லை.

போட்டி இருந்தால் நாம் கற்றது பலிக்குமா என்பது களத்தில் தெரிந்துவிடும். அந்த நன்மையை நான் மறுக்கமாட்டேன். ஐகிடோவில் அதைத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க உகேயின் தலையில் இருக்கிறது. மரியாதைக்காக அவர் தானாக விழுந்துகொடுத்தால், நமக்கு எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போவோம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு முரண்டு பிடித்தால், எதையுமே கற்க முடியாது. உண்மையாகப் பிடிக்க வேண்டும்; நிலை குலைந்தால் மட்டுமே விழ வேண்டும். நல்ல உகே கிடைப்பது நல்ல ஆசிரியர் கிடைப்பதற்குச் சமம் என்பேன்.

எங்கள் கூடத்தில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா இருக்கிறார். மெலிந்த உருவம், நரைத்த தலை. ஒருநாள் என் மணிக்கட்டைப் பற்றினார். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக இறுகியது. கையை இழுத்துப் பார்த்தேன், அவர் அசையவில்லை. விழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, பிடியைத் தளர்த்தவும் இல்லை. காத்திருந்தார். இழுப்பதை விட்டுவிட்டு, இடுப்பைத் திருப்பி அவர் பக்கத்தில் போய், அவர் பார்க்கும் திசையையே பார்த்து நின்றேன். அவர் எடை தானாக முன்னால் வந்தது. உருண்டு எழுந்தார், மறுபடி கையை நீட்டினார்.

"இப்பத்தான் வந்துச்சு தம்பி. அடுத்து இடப்பக்கம்" என்றார்.