அப்புறம் என்பது எப்போது?

எங்கள் பக்கம் ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான்: "மொதல்ல உசுரு தப்பட்டும், படிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." யாரால் மறுக்க முடியும்? ஆனால் கட்டிலில் கிடக்கும் பத்து வயதுப் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. நேற்றுவரை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி விரட்டிய அப்பா இன்று எதுவுமே கேட்பதில்லை. கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறார். பெரியவர்கள் தன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஊகிக்க அந்த வயது போதும்.

அந்த 'அப்புறம்' எவ்வளவு தொலைவு என்றும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டரை, மூன்று ஆண்டு ஓடும். முதல் ஆறேழு மாதம் கடுமை. அதன்பின் பெரும்பாலும் மாத்திரையும் பரிசோதனையும்தான். நல்ல சிகிச்சை தடையில்லாமல் கிடைக்கும் நாடுகளில் இப்போது 10 பிள்ளைகளில் 9 பேர்வரை பிழைக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் படுத்த பிள்ளை ஆறாம் வகுப்பு வயதில் எழுந்து வரும். எட்டாவது வரை தமிழ்நாட்டில் ஃபெயில் கிடையாது என்பதால் பெயர் மட்டும் வகுப்பு வகுப்பாக ஏறியிருக்கும்.

தேனி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் நினைவுக்கு வரும். மலையைத் துளைத்து வந்துபோகும் துகளைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. இங்கிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் குடும்பத்தைப் பற்றி அவ்வளவு எழுதியதாகத் தெரியவில்லை. அம்மா ஏலக்காட்டுக் கூலியாக இருப்பார். இருட்டோடு ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கோ சாந்தன்பாறைக்கோ போகிறவர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். போன கூலியைப் பார்த்துக்கொள்ளாது. 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பி வந்தது மதுரை போய்வர ஓர் ஆறுதல். அம்மா வார்டில் இருக்கும் நாளெல்லாம் வீட்டில் சோறு பொங்குவது அக்கா. அவள் படிப்பும் சத்தமில்லாமல் நிற்கிறது. அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நோயில் கிடக்கும் பிள்ளையின் படிப்பு தொடரச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை, அரைகுறையாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் மூன்றும் உண்டு; புற்றுநோய் இல்லை. வருடக்கணக்கில் வகுப்பைப் பார்க்காத பிள்ளை அந்தக் கதவருகே போய்த் திரும்ப வேண்டியதுதான். 1988இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கூடிய, மருத்துவமனைக் குழந்தைகளுக்கான ஐரோப்பிய அமைப்பினர், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கு விளையாட்டும் கல்வியும் கிடைத்தாக வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், மும்பையில் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கென்றே கேன்ஷாலா என்ற பள்ளி இருக்கிறது. கொரோனாவில் விட்டுப்போன பாடத்துக்காக 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்று தெருத்தெருவாகத் தன்னார்வலர்களை அனுப்பிய மாநிலம் இது. வார்டுக்கு ஒருவரை அனுப்புவது அதைவிடப் பெரிய வேலையா?

மருந்து ஏறிய நாளில் பிள்ளையால் எழுத்தைப் பார்க்கவே முடியாது. வாந்தி, வாய்ப்புண், ஸ்டீராய்டு கொடுத்தால் காரணமில்லாத கோபம் வேறு. அன்று புத்தகத்தை நீட்டுவது கொடுமை. தெம்பான நாளில் அரை மணி நேரம் போதும். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு அவன் டீச்சர் கணக்குத் தாள்களை அப்பாவிடம் கொடுத்தனுப்பினார், திருத்தியும் அனுப்பினார். ஒரு தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் 'கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, திரும்ப எழுது' என்றிருந்தது. ஈவிரக்கம் இல்லையா என்று அத்தை பொரிந்து தள்ளினார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அவன் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதினான். "அந்த டீச்சர் எல்லாத்தையும் அப்படித்தான் திட்டும்" என்றான் என்னிடம், கொஞ்சம் பெருமையாகவே. மாதக்கணக்கில் எல்லாரும் அவனை நோயாளியாகவே பார்த்தார்கள். அந்த டீச்சருக்கு மட்டும் அவன் ஐந்தாம் வகுப்புப் பையனாக இருந்தான்.

பள்ளிக்குத் திரும்பும் நாளுக்கும் முன்வேலை வேண்டும். "ஒட்டிக்குமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்; ஒட்டாது என்று அவன் வருவதற்கு முந்தின நாளே வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது. உண்மையில் பயப்பட வேண்டியவன் அவன்தான். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் யாருக்காவது வந்திருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். காலம் தாழ்ந்தால் தடுப்பு மருந்துக்குப் பலன் குறையும். எங்கள் ஊரில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், ஆஸ்பத்திரிக்குச் சொல்ல மாட்டார்கள். ஆகவே டீச்சர் வகுப்பில் கேட்டு வைத்திருக்கலாம்: யார் வீட்டில் வேப்பிலை கட்டினாலும் அன்றைக்கே எனக்கு ஆள் விட்டுச் சொல்லுங்கள், அவன் அம்மாவுக்கு நான் போன் போடுகிறேன் என்று.