பூக்காத நாளின் உழைப்பு

மலர்ந்த தோட்டத்தைக் கண்டு மகிழாதவர் எவரும் இலர். ஆனால் அம்மலர்ச்சி எந்த நாளில், எவருடைய கையால் உறுதி செய்யப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. இதிலிருந்து அறவினா ஒன்று எழுகின்றது: தம் வேலையின் குறையை எவரும் கண்டுபிடிக்க இயலாத நிலையில் இருக்கும் ஒருவரை, அவ்வேலையைச் செம்மையாகச் செய்யும்படி கட்டுப்படுத்துவது எது? இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதைவிட, நீலகிரி மலையில் பிறர் வீட்டுத் தோட்டங்களைக் கூலிக்குப் பேணும் ஒருவரின் பின்பனிக்கால வேலைநாளோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உள்ளது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே உறைபனி விழும். மேகமற்ற, காற்றடங்கிய இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று பள்ளங்களில் தேங்குகிறது. விடியும்போது புல்வெளி உப்பைப் பரப்பியது போல் வெளுத்துக் கிடக்கும். 1848-ஆம் ஆண்டில் மெக்ஐவர் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவிலும், 1995-இல் உருவான ரோஜாப் பூங்காவிலும் இப்பருவத்துப் பணிகளைச் செய்ய அரசுப் பணியாளர் பலர் உள்ளனர். ஊரைச் சுற்றியுள்ள பங்களாத் தோட்டங்களுக்கோ அவ்வசதி இல்லை. ஒரே தோட்டக்காரர் நான்கைந்து வீடுகளை முறைவைத்துப் பார்த்து வருவார். அவ்வீட்டு உரிமையாளருள் சிலர் சென்னையிலோ பெங்களூரிலோ வாழ்பவர்கள். மலர்க்காட்சி நடைபெறும் மே மாதத்தில்தான் மலைக்கு வருவார்கள்.

தோட்டக்காரரின் நாள் கதிரவன் எழுமுன்பே தொடங்கிவிடுகிறது. முதல் வீட்டில், வெயில் படுவதற்குள் செடிகள் மீதும் புல்தரை மீதும் நீர் தெளித்துப் பனியைக் கரைக்க வேண்டும். உறைந்த இலை மீது வெயில் நேரே பட்டு, பனி விரைந்து உருகினால் இலை கருகிவிடும். இளஞ்செடிகளுக்குக் காப்பாக மூடி வைத்த கோத்தகிரி மலார்ச் செடிகள் இரவில் சரிந்திருந்தால் அவற்றைச் சீராக்க வேண்டும். இவ்வளவும் முடித்து, விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டிற்குச் செல்கிறார். அங்கே காத்திருப்பது கவாத்து வேலை.

ரோஜாவைக் கவாத்து செய்ய வெட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. காய்ந்த தண்டு, நோயுற்ற தண்டு, ஒன்றோடொன்று உரசும் தண்டு ஆகியவற்றை முதலில் நீக்க வேண்டும். எஞ்சிய தண்டை, வெளிப்புறம் நோக்கிய கணுமொட்டு ஒன்றுக்குச் சற்று மேலே, நீர் அம்மொட்டின் மேல் வழியாதபடி மறுபுறம் சாய்வாக வெட்ட வேண்டும். கத்தரி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கும். நோயுற்ற செடியில் பட்ட கத்தரியைத் துடைக்காமல் அடுத்த செடியில் வைத்தால் நோய் பரவும். வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவ வேண்டும். அருகில் நிற்கும் ஹைட்ராஞ்சியாவுக்கோ முறையே வேறு. ரோஜா, வெட்டிய பின் எழும் புதுத் தளிரில் பூக்கும். பெருங்கொத்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவோ, சென்ற ஆண்டுத் தண்டின் நுனியில் ஏற்கெனவே உருவாகிவிட்ட மொட்டிலிருந்து பூக்கும். இரண்டையும் ஒரே உயரத்தில் வெட்டிச் சாய்த்தால் வேலை விரைவில் முடிந்துவிடும். தோட்டமும் பார்வைக்கு ஒழுங்காகவே தெரியும். ஆனால் கோடையில் ஹைட்ராஞ்சியாவில் இலை மட்டுமே இருக்கும்.

அப்போது உரிமையாளர் காரணம் கேட்டால், 'இந்த வருஷம் பனி அதிகம் ஐயா' என்ற ஒரு சொல் போதும். அதை மறுக்க அவரிடம் சான்று இராது. பனி பெய்தது உண்மைதானே? பிறர் பழியைச் சுமக்க அது எப்போதும் ஆயத்தமாக நிற்கிறது. இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகின்றது.

அச்சமே கட்டுப்படுத்துகிறது என்பாருண்டு. கண்டுபிடிக்க வழியே இல்லாத இடத்தில் அச்சம் எவ்வாறு பிறக்கும்? கூலி என்பாருண்டு. கூலி ஒருவரை வேலைக்கு வரச் செய்யும். எந்த மொட்டுக்கு மேல் வெட்டுவது என்பதை அது தீர்மானிப்பதில்லை. கவனமாக வெட்டினாலும் கவனமின்றி வெட்டினாலும் அன்றைய கூலி ஒன்றே. நற்பெயர் என்பாருண்டு. ஆனால் பூத்துக் குலுங்கும்போது செடியின் இனத்தையும் மலையின் தட்பவெப்பத்தையும் புகழ்வோரே மிகுதி. இவ்விடைகள் பொய்யானவை அல்ல, ஆயினும் போதாதவை. இவற்றை நீக்கிய பின் எஞ்சி நிற்பது, கையில் பிடித்திருக்கும் அந்தத் தண்டு. அது உயிருள்ளது, தவறாக வெட்டினால் அதற்குக் கேடு விளையும், எவரும் அறியாமற்போவதால் அக்கேடு இல்லாமற்போய்விடாது. நல்ல தோட்டக்காரர் உரிமையாளருக்குக் கடமைப்பட்டிருப்பதைப் போலவே, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட செடிக்கும் கடமைப்பட்டிருக்கிறார். பிறர் தம்மைக் கவனிக்கிறார்களா என்று பாராமல், தாம் செய்யும் பொருளைக் கவனிக்கப் பழகியவரிடமே இத்தகைய நேர்மை வேரூன்றுகிறது.

இவ்வளவோடு நிறுத்தினால், உழைப்பவருக்கு மட்டும் அறம் உரைத்துவிட்டு, அவ்வுழைப்பைப் பெறுபவரை விட்டுவிட்டவராவோம். 'பூவே இல்லாத பனிக்காலத்தில் தோட்டத்தில் என்ன வேலை?' என்று கேட்டு, அம்மாதங்களில் கூலியைக் குறைக்க நினைப்போர் உண்டு. மே மாதத்துப் பூ பிப்ரவரியிலேயே முடிவாகிவிடுகிறது என்பதை அவர்கள் அறியார். அறியாமை மன்னிக்கத்தக்கதே. ஆனால் அறிந்துகொள்ளாதிருப்பதால் ஆதாயம் கிடைக்கும்போது, அந்த அறியாமையும் குற்றமாகிவிடுகிறது. சரிபார்க்க முடியாத வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது நாம் நம்பியிருப்பது அவருடைய மனச்சான்றையே. அதற்கு விலை மதிக்க இயலாது. எனினும் அதை உடையவருக்கும் அவர் குடும்பத்திற்கும் பன்னிரண்டு மாதமும் பசி உண்டு என்பதை நினைவிற்கொள்ள இயலும். முழுக்கூலியும், பனிக்குக் கையுறையும் கம்பளியும், 'இந்தச் செடியை ஏன் இப்படி வெட்டினீர்கள்?' என்று மதிப்போடு கேட்டறியும் ஆர்வமும், இரக்கத்தால் வழங்கும் கொடைகள் என்று கருதற்க. அவை நாம் செலுத்த வேண்டிய கடன்.

நம்மில் பெரும்பாலோர் ரோஜா வளர்ப்பவர் அல்லர். ஆயினும் மண்ணுக்குள் மறையப்போகும் அடித்தளத்திற்குக் கம்பி கட்டுபவர், நள்ளிரவில் நோயாளியின் அருகே விழித்திருக்கும் செவிலியர், முதல் வகுப்பில் எழுத்தறிவிக்கும் ஆசிரியை ஆகியோரின் குறையும் நிறையும் நெடுநாள் கழித்தே வெளிப்படுகின்றன. அப்போது காரணம் காட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பனி இருக்கும். நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு வேலையில் இவ்வாறு எவரும் காணாத இடத்தில் நிற்கிறோம். வேறு பல வேலைகளில் இவ்வாறு நிற்பவரை நம்பி வாழ்கிறோம். கையிலுள்ள தண்டை உற்றுநோக்கி வெட்டுவதும், பூவில்லாத மாதத்திலும் கூலியைக் குறைக்காதிருப்பதும் ஒரே அறத்தின் இரு பகுதிகளாகும்.