நான்கு அடித் தொலைவு

புதுப்பொருள் தரும் மகிழ்ச்சி குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. பிலிம் சுருள் இடும் ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவையும் 28 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸையும் வாங்கிய அன்று நாமும் குழந்தையானோம். அதன் சாளரத்தில் ஓர் உருவம் இரண்டாய்த் தோன்றும். லென்ஸின் வளையத்தைத் திருப்ப, இரண்டும் ஒன்றாகப் பொருந்தும். அந்தப் பொருத்தத்தைக் காண்பதே தனி இன்பம்.

தொலைநோக்கு லென்ஸ் கொண்டு, மறைந்து நின்றே பிறர் முகத்தைக் கவர்ந்துவிடலாம். அகலக்கோணம் அதற்கு இடந்தராது. எட்ட நின்றால் மனிதர் எறும்பாய்ச் சிறுப்பர். முகம் தெரிய வேண்டுமாயின் நான்கு அடித் தொலைவுக்கேனும் நெருங்க வேண்டும். நெருங்கினால் நாமும் காணப்படுவோம்.

மும்பை தாதர் பூச்சந்தையில், ஒரு விடியற்காலை, மாலை தொடுக்கும் மூதாட்டியை அவ்வாறு நெருங்கினோம். அவர் நிமிர்ந்து நோக்கி, வேண்டாமெனக் கையசைத்தார். எம் விரலோ பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தியிருந்தால் அவரால் தடுத்திருக்க இயலாது. நல்ல படம் நழுவுகிறதே என்ற ஏக்கத்துடன்தான் கருவியைத் தாழ்த்தினோம்.

எடுத்திருந்தால் அவர் இழப்பது யாது? பொருள் ஏதுமில்லை. தம்மைப் பிறர் எவ்வாறு காணலாம் எனத் தாமே முடிவு செய்யும் உரிமையை இழப்பார். அது சிறிய இழப்பன்று. பிழைப்பு நாடி வந்த ஊரில், உடையாலும் பேச்சாலும் அயலாரின் வேடிக்கைப் பொருளாய் நின்ற நாள்கள் நமக்கும் உண்டன்றோ?

சுருளில் 36 படங்களுக்கு இடமுண்டு. கருவி எம்முடையது, எதிரே உள்ள முகம் அவருடையது. இசைந்த முகங்களே அதில் இடம்பெறட்டும்.