வஸிய்யத்தில் தாயின் பெயர்

வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் மௌத்து முன்னறிவிப்போடு வருவதில்லை. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூரை அடுத்த அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. அப்படி வரும் பணமும், இறந்தவர் விட்டுச் சென்ற வீடும் நிலமும் சிறு பிள்ளைகளைச் சேரும்போது அதை யார் பராமரிப்பது? "பெரியத்தா இருக்கிறாரே" என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

எழுத வேண்டியது இருக்கும் முஸ்லிம், வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் இல்லை, வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பதெல்லாம் நம்மவர்க்குத் தெரியும். சிறு பிள்ளைகளின் பங்கைப் பராமரிக்க வஸீ (பொறுப்பாளர்) ஒருவரை நியமிப்பதும் வஸிய்யத்தான். இதைத்தான் மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டில் நடைமுறையிலுள்ள முஸ்லிம் சட்டப்படி, சிறுவர் சொத்துக்குக் காப்பாளர் தகப்பனார், பிறகு அவர் நியமித்த வஸீ, பிறகு பாட்டனார், அவர் நியமித்த வஸீ. இந்த வரிசையில் பெரியத்தாவும் இல்லை, சின்னத்தாவும் இல்லை. பெற்ற தாயும் இல்லை! 1918-ல் இமாம்பந்தி வழக்கில், தாய் விற்ற நிலத்தில் சிறு பிள்ளைகளின் பங்கு அவ்விற்பனைக்குக் கட்டுப்படாது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வஸீயும் பாட்டனாரும் இல்லாவிட்டால் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டு ஏற வேண்டும்.

தகப்பனாரே தாயை வஸீயாக எழுதி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகளின் தாய் மற்றவரை விட மேலானவர் என்றே இமாம் நவவி (ரஹ்) தம் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். (ஷாஃபிஈகளிடம், தகுதியுள்ள பாட்டனார் உயிரோடிருந்தால் அவருக்கே முதலிடம்.) உமர் (ரலி) தம் வக்ஃப் நிலத்தைத் தமக்குப் பின் பராமரிக்கும் பொறுப்பை மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே ஒப்படைத்தார்கள். பராமரிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம், சொத்துச் சேர்க்கக் கூடாது என்பதும் அந்தப் பத்திரத்தின் நிபந்தனை.

வஸீ யாராயினும் அவருக்குத் திருமறையின் நான்காம் அத்தியாயம் கணக்கு வகுத்திருக்கிறது. வசதியுள்ளவர் எத்தீமின் பொருளைத் தொடாதிருக்க வேண்டும். ஏழை நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பக்குவமடைந்ததும் சாட்சிகள் முன்னால் ஒப்படைக்க வேண்டும். அநியாயமாய் உண்பவன் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறான். நெருப்பின் தன்மையை இந்த வட்டாரத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வஸிய்யத்துக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். வஸீயின் பெயரையும், அவர் ஆண்டுதோறும் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் எழுதி, இருவரைச் சாட்சிக் கையெழுத்திடச் செய்யுங்கள். பதிவு கட்டாயமில்லை, செய்துகொண்டால் பின்னால் வம்பு குறையும்.