உள்ளது உள்ளபடி

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொய்யாமையும் கள்ளாமையும் பெரிதும் சோதிக்கப்படும் இடம் சந்தையேயாகும். ஆலயத்தில் பொய் சொல்லும் தேவை நமக்கு நேர்வதில்லை. ஒரு பொருளுக்கு விலை கூறும்போதுதான் அது நேர்கிறது. அத்தகைய சோதனையொன்று அமெரிக்காவில் பணிபுரியும் என் தங்கையின் மகனுக்கு வாய்த்தது.

மிகுபொருள் வரைதல் என்னும் விரதத்தை ஏற்ற அவர், தேவைக்கு மேற்பட்ட பொருள்களைக் கழிக்கத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று 1970ஆம் ஆண்டின் ஷெவர்லே பிக்கப் வண்டி. முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் உடைய சிறு லாரி அது. இவ்வகை வண்டிகளுக்கு அக்காலத்தில் பெரும்பாலும் இரண்டே கதவுகள். ஒரே வரிசை இருக்கை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1957இல் இரு வரிசை இருக்கையுள்ள பிக்கப்பை வெளியிட்டது. ஷெவர்லேயோ 1973ஆம் ஆண்டு வரிசையில்தான் நான்கு கதவு வண்டியைத் தன் வழக்கமான தயாரிப்பில் சேர்த்தது. இவர் வண்டிக்கு நான்கு கதவுகள் உண்டு. ஆகவே அது பட்டறையில் மாற்றப்பட்டது என்பது வெளிப்படை. இரண்டு ஓட்டுநர் அறைகளை அறுத்து ஒன்றாகப் பற்றவைத்து, சேஸிஸை நீட்டி, பிரேக் குழாய்களையும் பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டையும் அதற்கேற்ப நீளமாக்கியிருக்கின்றனர். இத்தகையன அரியன, அரியவற்றுக்கு விலையும் மிகுதி.

“வாங்க வருபவர் கேட்டால் ஒளிக்க மாட்டேன் மாமா, கேளாதவற்றையும் நானே எடுத்துச் சொல்ல வேண்டுமா?” என்று அவர் எழுதிக் கேட்டார். வண்ணப்பூச்சின் கீழ்ப் பற்றவைப்பின் தழும்புகள் தெரிவதில்லை. வந்தவர்களில் ஒருவர் அதனைத் தொழிற்சாலையிலேயே அவ்வாறு செய்யப்பட்ட அபூர்வ வண்டி என்று எண்ணி மகிழ்ந்து போனாராம். இவர் ஆம் என்று சொல்லவில்லை. அன்று என்றும் சொல்லவில்லை. வாய் பொய் சொல்லவில்லை என்றால் விரதம் காக்கப்பட்டதாகுமா? இதுவே வினா.

அமிர்தசந்திராசாரியர் தமது புருஷார்த்த சித்தியுபாயத்தில் பொய்யை நான்காக வகுத்துள்ளார். உள்ளதை இல்லையெனல், இல்லாததை உண்டெனல், ஒன்றை மற்றொன்றாகக் கூறல், பழிக்கத்தக்க சொல் கூறல் என்பன அவை. பிறருடைய தவறான எண்ணம் நமக்கு ஆதாயம் தருவதைக் கண்டு அதனை அப்படியே விட்டுவைக்கும் மௌனம், ஒன்றை மற்றொன்றாகக் கூறுவதன் பயனையே தருகிறது. நா அசையாவிடினும் மாயம் என்னும் கஷாயம் உள்ளே அசைகிறது. வினை சொல்லுக்கு மட்டும் வருவதன்று, கருத்துக்கும் வரும்.

கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் பிரதிரூபக வியவகாரமும் ஒன்று என்று தத்துவார்த்த சூத்திரம் கூறும். போலியை மெய்ப்பொருள்போல் விற்பது அது. நெய்யில் கலப்படம் செய்பவனை நாம் எளிதில் கண்டிக்கிறோம். பட்டறை வேலையைத் தொழிற்சாலை வேலையாகக் கருதவிட்டு அதற்குரிய விலையைப் பெறுவதும் அவ்வினமே.

இங்கு ஒருவர் நயவாதம் பேசலாம். “உறுப்புகள் யாவும் ஷெவர்லே உறுப்புகளே, அந்த நோக்கில் இது அசல் ஷெவர்லே அன்றோ?” எனலாம். அநேகாந்தம் பொருளின் பல இயல்புகளையும் ஏற்றுக்கொள்வதற்காக அருளப்பட்டது. ஓர் இயல்பைக் காட்டி மற்றொன்றை மறைப்பதற்காக அன்று. ஏனைய நயங்களை மறுக்கும் நயம் துர்நயம் எனப்படும்.

மேலும், பொய்யாமை முதலிய விரதங்கள் யாவும் கொல்லாமைக்கு வேலி என்பதே நம் ஆசாரியர்களின் கொள்கை. அந்த வண்டியின் பின்னிருக்கையில் நாளை யாருடைய குழந்தைகளோ அமர்வார்கள். நீட்டிய சேஸிஸின் இணைப்பு எத்தகையது, பிரேக் குழாய் எங்கே ஒட்டப்பட்டது என்பதை வாங்குபவர் அறியாவிடின், சோதித்துப் பார்க்கவும் அவருக்குத் தோன்றாது. மறைத்த தழும்பு உயிருக்கு ஊறாகக்கூடும்.

சட்டம் இதற்கெல்லாம் போதிய துணையாகாது. ஓடிய தூரம் காட்டும் மீட்டரைத் திருத்துவதை அமெரிக்கச் சட்டம் 1972இல் தடை செய்தது. விற்பவர் அத்தூரத்தை எழுதிக் கொடுக்கவும் வேண்டும். ஆயினும் மிகப் பழைய வண்டிகளுக்கு அக்கடமையிலிருந்து விலக்குண்டு. இவர் வண்டியின் மீட்டரில் ஐந்து இலக்கங்களே உள்ளன. ஒரு இலட்சம் மைலானதும் அது மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். சட்டம் விலக்கு அளித்தாலும் விரதம் அளிப்பதில்லை.

அந்நாட்டில் பழைய வண்டிகளை ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி விற்பது வழக்கம். பின்னர் குறை காணின் விற்றவர் பொறுப்பல்லர் என்பதே அதன் கருத்து. எண்ணிப் பாருங்கள்! உள்ளதை உள்ளபடி கூறுவதே வாய்மை. அச்சொற்களையே பொறுப்பிலிருந்து தப்பும் வாயிலாக உலகம் ஆக்கிக்கொண்டது. சிராவகன் அவற்றை அவற்றின் மெய்ப்பொருளிலேயே எழுதுதல் வேண்டும்.

இவற்றையே அவருக்கு எழுதினேன். மற்றொன்றும் சேர்த்தேன். இரண்டு அறைகளை அறுத்து நான்கு கதவுகளும் பிசகாமல் மூடும்படி இணைத்த அந்தப் பட்டறைக்காரரின் உழைப்பு வெட்கப்படத்தக்கதன்று. அதனைத் தொழிற்சாலையின் பெயரால் விற்பது, அக்கைவினைஞருக்குரிய புகழையும் திருடுவதாகும்.

அவர் ஒரு தாளில் யாவற்றையும் எழுதி வண்டியின் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். மகிழ்ந்து போனவரையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டார். அவர் திரும்ப வரவில்லை. வண்டி இன்னும் விலைபோகவில்லை என்றும், ஆயினும் அதனைப் பார்க்கும்போது முன்பிருந்த உறுத்தல் இல்லை என்றும் அண்மைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பொருளைக் கழிப்பதற்காகத் தொடங்கிய விற்பனையில் பாவத்தை ஈட்டாதிருப்பதே ஆதாயம். விலை தாழ்ந்தாலும் விரதம் தாழாதிருக்கட்டும். அறம் வளர்க!