வழக்குத் தாளில் வந்த பெயர்



ஒருவருடைய பெயர் நீதிமன்றக் காகிதத்தில் காணப்படுகிறது. அவரைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு அது போதுமா? போதும் என்பதுபோலத்தான் பலரும் நடந்துகொள்கிறோம்.

அமெரிக்காவில் ஜெஃப்ரி எப்ஸ்டைன் என்ற பெரும் பணக்காரன் பல சிறுமிகளைப் பாழ்படுத்திய கொடுமையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவனுக்குத் துணைநின்றவள் கிலெய்ன் மாக்ஸ்வெல். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான வெர்ஜீனியா ஜூஃப்ரே, தம்மைப் பொய் சொல்பவள் என்று பழித்ததற்காக அவள்மீது 2015-ல் நியூயார்க்கில் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 2017-ல் வழக்கு சமரசமாயிற்று. முத்திரையிட்டு வைத்திருந்த அதன் தஸ்தாவேஜுகள் பல, நீதிபதி லொரெட்டா பிரெஸ்காவின் உத்தரவுப்படி 2024 ஜனவரியில் வெளியாயின. நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள்! ‘பட்டியல் வந்துவிட்டது’ என்று ஒரே கூக்குரல்.

பட்டியல் என்று ஒன்றும் அதில் கிடையாது. வாக்குமூலங்களிலும் வக்கீல்களின் மனுக்களிலும் அங்குமிங்கும் அகப்பட்ட பெயர்களே அவை. பாதிக்கப்பட்ட பெண்கள் பெயர் உண்டு. வீட்டு வேலைக்காரர் பெயர் உண்டு. துப்புத் துலக்கிய போலீஸ் அதிகாரியின் பெயரும் உண்டு. கடுமையான குற்றச்சாட்டுக்கு ஆளானவர்களும் உண்டுதான். ஒரு சாட்சியிடம் சில சினிமா நட்சத்திரங்களின் பெயரைச் சொல்லி, இவர்களைச் சந்தித்ததுண்டா என்று வக்கீல் கேட்கிறார். அந்தப் பெண் இல்லை என்கிறாள். அந்த ‘இல்லை’ காற்றோடு போயிற்று. பெயர் மட்டும் கைபேசிக்குக் கைபேசி பறந்தது. தாள்களில் இல்லவே இல்லாத பெயர்களைச் சேர்த்து அனுப்பிய புண்ணியவான்களும் இருந்தார்கள்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்பீர்கள். வாயை மூடியதால்தானே இவ்வளவும் வளர்ந்தது! 2007-ல் அரசாங்க வக்கீல்கள் அவனோடு செய்துகொண்ட உடன்படிக்கை அந்தச் சிறுமிகளுக்கு அப்போது தெரிவிக்கப்படவேயில்லை. 2008-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் ஏறக்குறைய 13 மாதமே காவலில் இருந்தான். அதிலும் பகலில் ஆபீசுக்குப் போய்வர அனுமதி! ஆகையால் தாள்கள் வெளிவந்தது நியாயமே. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பெயரைப் படித்தவர் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரியையும் படிக்க வேண்டும். குற்றச்சாட்டு வேறு, சாட்சியம் வேறு, தீர்ப்பு வேறு. மாக்ஸ்வெல்லை 2021-ல் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். 2022-ல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவளைக் குற்றவாளி என்று தாராளமாய்ச் சொல்லலாம். அதே மூச்சில், சாட்சி மறுத்த பெயரையும் சேர்த்துச் சொன்னால் அது அபாண்டம். பிறர் நற்பெயரைக் கெடுத்தவன், யாரிடம் சொன்னானோ அவரிடமே திரும்பிப் போய் அதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவன் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஒரு விரலசைவில் நூறு பேருக்கு அனுப்பியவர் எத்தனை வாசற்படி ஏறுவார்?

அன்று சிறுமிகளாயிருந்து, இன்றுவரை வெளியே வந்து பேசாத சிலருடைய பெயர்களை நீதிபதி மூடியே வைத்தார். அவர்களைப்பற்றி யாரும் கூக்குரலிடவில்லை. நட்சத்திரங்கள் யார் யார் என்று தேடியவர்களில் எத்தனை பேர் ஜூஃப்ரேயின் வாக்குமூலத்தில் ஒரு பக்கமாவது படித்திருப்பார்கள்? அவர் 2025 ஏப்ரலில், 41-ஆம் வயதில் இறந்துபோனார்.